தைலக் கிணறு உணர்த்தும் அறம்

பேரையூர் வட்டத்துச் சாப்டூர் வனத்தை ஒட்டி உயர்ந்து நிற்பது சதுரகிரி. ஆடி அமாவாசைக்குச் சுந்தர மகாலிங்கத்தைத் தரிசிக்க மலையேறும் அடியார்கள், வழியில் பலா மரத்தடியில் எழுந்தருளியுள்ள பிலாவடிக் கருப்பரை வணங்கிச் செல்வர். அவர் காத்து நிற்பது ஒரு தைலக் கிணற்றை என்கிறது தல வரலாறு.

வாமதேவன் என்னும் வணிகன், தான் ஈட்டிய செல்வத்தைக் கொண்டு சிவாலயம் எழுப்பத் தொடங்கினான். பணி முடியுமுன் பொருள் தீர்ந்தது. காலாங்கிநாதரைச் சரணடைந்தான். சித்தர் அவன் உள்ளத்தைச் சோதித்தறிந்து, மூலிகைகளால் வகாரத் தைலம் காய்ச்சி, பொன் செய்து அளித்தார். திருப்பணி நிறைவுற்றது. எஞ்சிய தைலத்தையோ கிணற்றில் ஊற்றி, பாறையால் மூடி, தெய்வங்களைக் காவல் வைத்தார்.

பொருள் ஈட்டியதற்காக வணிகனைச் சித்தர் கடிந்துரைக்கவில்லை; இல்லறத்தானுக்குப் பொருள் தேடுதலும் கடமையே. ஆயினும், நல்லவன் எனத் தேர்ந்த அவனிடமும் மிச்சத்தை ஒப்படைக்கவில்லை. அறத்தின் பொருட்டு வந்த பொன்னும் அளவு கடந்தால் ஆசையை வளர்க்கும் அன்றோ!

மிச்சத்தை மூடிவைத்தது சித்தர் வழி. இல்லறத்தார்க்கு அதனினும் எளிய வழி உண்டு. தேவைக்கு மேல் நிற்பதை, வழங்கும் கையில் வலிமை உள்ளபோதே, பசித்தோர்க்கு அன்னமாகவும் ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்வியாகவும் ஆக்கிவிடுதல் அது. அவ்வாறு கொடுத்த பொருளுக்குக் காவல் வேண்டுவதில்லை.