இரண்டு தெனாரியம் மட்டும் போதுமா?



சென்ற மாதம் பங்கு இல்லத்திற்கு ஒரு தந்தை வந்தார். அவர்தம் மகள் பெங்களூர் புனித யோவான் மருத்துவக் கல்லூரியில் படிப்பை முடித்தவள். மருத்துவ வசதி குறைந்த ஓர் இடத்தில் குறித்த காலம் பணியாற்ற, கல்லூரியில் சேரும்பொழுதே ஒப்பந்தம் எழுதிக் கொடுத்திருந்தாள். "சுவாமி, பணத்தைக் கட்டி விலகிக்கொள்ள வழியுண்டா? வயதுப் பெண்ணைக் கண்காணாத ஊருக்கு எப்படி அனுப்புவது?" என வினவினார்.

அவரைக் கடிந்துகொள்ள நமக்கு மனம் வரவில்லை. பெற்றவர் அஞ்சுவது இயல்பே. எனினும், அக்கல்லூரி எழுந்த வரலாற்றை அவருக்கு எடுத்துரைத்தோம்.

ஆஸ்திரேலியாவில் மருத்துவப் பட்டம் பெற்ற மேரி குளோரி என்னும் மாதரசி, 1920ஆம் ஆண்டு குண்டூருக்கு வந்து துறவு பூண்டார். துறவியர் மருத்துவத் தொழில் புரியத் திருச்சபைச் சட்டம் இடந்தராத காலம் அது. திருத்தந்தையின் தனி அனுமதி பெற்றே அவர் நோயாளருக்குப் பணி செய்தார். 1943இல் கத்தோலிக்க மருத்துவமனைகளை ஒரு சங்கமாக இணைத்தார். இந்நாட்டில் கத்தோலிக்க மருத்துவக் கல்லூரி ஒன்று அமைய வேண்டும் என்பது அவருடைய தீராத வேட்கை. அதைக் காணாமலே 1957இல் பெங்களூரில் இறைவனடி சேர்ந்தார். ஆறு ஆண்டுகள் கழித்து, 1963இல், அதே நகரில் இந்திய ஆயர்கள் அக்கல்லூரியைத் தொடங்கினர்.

இன்று அது ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்துடன் இணைந்து, பெரிய மருத்துவமனை, செவிலியர் கல்லூரி, ஆராய்ச்சி நிலையம் என விரிந்து நிற்கிறது. இலாபத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் முதலாளி எவரும் அங்கில்லை. நகருக்கு வெளியே முகளூரில் உள்ள பயிற்சி நிலையம், குடிசை வீட்டின் நோயையும் வறுமையையும் மாணவருக்கு நேரில் காட்டுகிறது. ஒப்பந்தத்தின் நோக்கமும் அதுவே: மருத்துவர் இல்லாத இடத்திற்கு மருத்துவர் செல்ல வேண்டும்.

நல்ல சமாரியர் உவமையை நினைவுகூர்வோம். சாவடிக்காரரிடம் அவர் இரண்டு தெனாரியம் கொடுத்தார் என்பது உண்மை. ஆனால் அதற்கு முன்னரே அடிபட்டவன் அருகில் சென்று, காயங்களைக் கட்டி, தம் விலங்கின்மேல் அவனை ஏற்றியிருந்தார். மருத்துவமனை அந்தச் சாவடியைப் போன்றது. வழியில் கிடப்பவனிடம் ஒருவர் சென்றாலன்றி, அவன் சாவடி வந்து சேரமாட்டான்.

தந்தை நெடுநேரம் மௌனமாக இருந்தார். பின்னர், "மகளின் விருப்பத்தை நான் இதுவரை கேட்கவே இல்லை, சுவாமி" என்று சொல்லி எழுந்தார்.

மருத்துவமும் செவிலியமும் பயிலும் பிள்ளைகள் உங்கள் இல்லங்களிலும் இருக்கின்றனர். அவர்கள் பெறப்போகும் ஊதியத்தைப் பற்றிப் பேசுகிறோம். அவர்கள் யாருக்குப் பணி செய்ய விரும்புகின்றனர் என்பதையும், இன்றிரவு குடும்பச் செபம் முடிந்தபின் கேட்டுப் பார்ப்போமாக.