பதாகை பிடித்தவன் மனசு

லண்டனில் ஒரு சட்டத்தரணியிடம் தஞ்சக் கோரிக்கைக் கோப்புகளை அடுக்கித் தருவது என் வேலை. எங்கட பொடியள் கொண்டுவருவது பெரும்பாலும் படங்கள்தான்: மாவீரர் நாளில் கார்த்திகைப் பூ குத்திய சட்டை, நாடாளுமன்றச் சதுக்கத்தில் பதாகை. ஒவ்வொன்றின் பின்னாலும் திகதி எழுதிவைப்பேன்.

தமிழராய் இருப்பது மட்டும் போதாது என்று இங்குள்ள மேல் தீர்ப்பாயம் 2013இலேயே சொல்லிவிட்டது. இப்படிப் படத்தோடு வருகிறவரை, புலம்பெயர் நாட்டில் பிரிவினைக்காக முக்கிய பங்காற்றுகிறவர் என இலங்கை அரசு கருதவேண்டும். அதற்குப் பதவியோ பிரபலமோ தேவையில்லை என்று 2021இல் விளக்கியது. எந்த அமைப்பு, என்ன வேலை, எவ்வளவு காலம், குடும்பப் பின்னணி என்ன என்று பார்க்கச் சொன்னது.

ஆனால் தஞ்ச நேர்காணலில் அதிகாரிகள் முதலில் துருவுவது வேறொன்றை: உண்மையான பற்றா, விசாவுக்கான வேஷமா? வேஷக்காரரும் வருகிறார்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் மறித்து விசாரிப்பவர் மனசைத் திறந்தா பார்க்கப்போகிறார்? அவர் கையில் இருக்கக்கூடியதும் இதே படம்தானே!

உண்மையான பற்றுள்ளவரிடம், ஊருக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டிரு என்றும் சொல்லமுடியாது. அந்த வழியை 2012இல் ஒரு சிம்பாப்வே வழக்கில் பிரித்தானிய உச்ச நீதிமன்றமே அடைத்துவிட்டது. பற்று உண்மையா என்ற கேள்விக்கு இடம் அங்கேதான். ஆகவே கொழும்பு என்ன நினைக்கும் என்பதை முதலில் கேளுங்கள். பொடியனின் மனசைப் பிறகு ஆராயலாம்.