திருநீற்றை அழிச்சுட்டு வீடு பார்க்கப் போ என்று சொன்னோம்



வழக்கமா இந்தப் பக்கத்துல நாங்க போடுறது உங்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்கு அரிசி வேணும், பால்குடத்துக்குப் பெயர் கொடுங்க, பார்க்கிங் இடத்துல ரெண்டு வரிசை போடாதீங்க. இன்னைக்கு அது எதுவும் இல்லை. கொஞ்சம் நீளமான பதிவு. படிச்சா சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

முதல்ல எங்க தப்பைச் சொல்லிடுறோம்.

பேராக்கிலிருந்து வேலைக்கு வந்த ஒரு தம்பி. கேஎல் சென்ட்ரல் பக்கம் வேலை. வெள்ளிக்கிழமை வேலை முடிஞ்சதும் நேரா கோயிலுக்கு வந்து அன்னதான அண்டாவைக் கழுவிட்டுத்தான் போவார். கல்யாணம் நிச்சயமாகி, ஒரு சின்ன அடுக்குமாடி வீடு தேடினார். பிரிக்பீல்ட்ஸ், பங்சார், பெட்டாலிங் ஜெயா, கடைசியில் கிள்ளான் வரைக்கும் தேடினார். சம்பளச் சீட்டு இருக்கு, டெபாசிட் பணம் கையில இருக்கு. ஏஜெண்டுக்கு மெசேஜ் போட்டா முதல் கேள்வியே "வாட் ரேஸ்?" என்ன வேலை என்று கேட்கவில்லை, எத்தனை பேர் தங்குவீங்க என்று கேட்கவில்லை. பதில் சொன்னவுடனே, "சாரி, ஓனர் இந்தியன் வேண்டாம்னு சொல்றாரு." சிலர் அந்த சாரியும் சொல்றதில்லை. ரெண்டு நீல டிக் மட்டும்.

பதினோராவது வீட்டுக்கு ஒரு ஏஜெண்ட் நேரில் வரச் சொன்னார். அன்னைக்கு வெள்ளிக்கிழமை. தம்பி அண்டா கழுவிட்டுக் கிளம்பும்போது நாங்கதான் சொன்னோம்: "தம்பி, நெத்தியில இருக்கிற திருநீற்றை அழிச்சுட்டுப் போப்பா. முதல்ல வீடு கிடைக்கட்டும்."

அவர் ஒண்ணும் பேசலை. குழாயடியில முகத்தைக் கழுவிட்டுப் போனார்.

கோயில் தொண்டர்கள் நாங்கள். வர்றவங்களுக்குத் திருநீற்றுத் தட்டை நீட்டுற கை இது. அதே கையால அழிக்கச் சொன்னோம். நல்லது செய்யுறோம்னுதான் நினைச்சோம். அந்த வீடும் கிடைக்கலை. திருநீறு போனதுதான் மிச்சம். அன்னைக்கு ராத்திரி எங்களில் யாருக்கும் சாப்பாடு இறங்கலை.

அதனாலதான் இந்தப் பதிவு.

இது யார் கட்டின ஊர் என்று ஒரு நிமிஷம் யோசிங்க. பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரே அங்கே இருந்த செங்கல் சூளைகளால் வந்தது. ரயில்வேயில் வேலை பார்த்த நம்மவர்களும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குமாஸ்தாக்களும் குடியிருந்த இடம் அது. நூறு குவார்ட்டர்ஸ் என்று பெரியவர்கள் சொல்வார்களே, அந்த வரிசை வீடுகள் இன்று இல்லை. 2010 அக்டோபரில் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் நம் பிரதமரும் சேர்ந்து வந்து அந்தத் தெருவுக்கு லிட்டில் இந்தியா என்று திறப்பு விழா நடத்தினார்கள். தோரணம் இருக்கு, பூக்கடை இருக்கு, வளைவு இருக்கு. அந்த வளைவுக்குக் கீழே நின்னுக்கிட்டு வாடகை வீட்டுக்குப் போன் போட்டா, "நோ இந்தியன்" என்று பதில் வருது. தெருவுக்கு நம்ம பெயர் வேணும். வீட்டுக்குள்ளே நாம வேண்டாம்.

சுபாங் ஜெயாவை எடுத்துக்குங்க. அது சீபீல்ட் தோட்டம். பங்சாரும் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். நம்ம தாத்தா பாட்டிகள் விடியக்காலையில தலையில விளக்கு கட்டிக்கிட்டு மரம் சீவின நிலம். தோட்டத்துல ஒரு வழக்கம் இருந்தது: வேலை இருக்கிற வரைக்கும்தான் லயத்து வீடு. வேலை போனா வீடும் போகும். தோட்டத்தை வீடமைப்புக்கு வித்தாங்க, லயத்தை இடிச்சாங்க, குடும்பங்கள் சட்டி பானையைத் தூக்கிக்கிட்டு கம்பத்துக்கும் மலிவு விலை அடுக்குமாடிக்கும் போயின. சொந்த மனை இல்லாம வெளியே வந்த சமுதாயத்துக்கு வாடகை வீடுதான் முதல் படி. அந்தப் படியிலேயே காலை வைக்க விடலைன்னா எங்கே போறது? பாட்டி பால் எடுத்த மண்ணில கொண்டோமினியம் நிக்குது. பேரனுக்கு அங்கே ஒரு அறை வாடகைக்குக் கிடையாது.

"அது ஓனரோட சொத்து, அவர் இஷ்டம்" என்று சிலர் நியாயம் பேசுவாங்க. அவங்க சொல்ற காரணங்களை நாங்க எழுதி வெச்சிருக்கோம். வாடகை கட்ட மாட்டாங்க. குடிச்சிட்டுச் சத்தம் போடுவாங்க. சாம்பிராணிப் புகை. மீன் குழம்பு வாடை. ரெண்டு பேருன்னு சொல்லி எட்டு பேர் தங்குவாங்க.

ஒவ்வொண்ணா பார்ப்போம். வாடகை கட்டுவாரா என்று தெரியணும்னா சம்பளச் சீட்டைக் கேளுங்க, இபிஎஃப் கணக்கைக் கேளுங்க, கடன் அறிக்கையைக் கேளுங்க, பழைய வீட்டுக்காரர் நம்பரைக் கேளுங்க. இது எல்லா இனத்துக்கும் பொருந்தும். தோல் நிறத்துல கடன் அறிக்கை எழுதி ஒட்டியிருக்கா? எத்தனை பேர் தங்கலாம் என்பதை ஒப்பந்தத்துல எழுதுங்க. சத்தத்துக்கு அடுக்குமாடி நிர்வாகத்தின் விதிகள் இருக்கு. குழம்பு வாடை என்றால், பெலாச்சான் வறுக்கிற வீட்டுக்கு மட்டும் வாடை கிடையாதா?

வீட்டுக்காரர்களுடைய பயத்தில் ஒரு பங்கு உண்மை இருக்கு, அதையும் மறைக்க மாட்டோம். வாடகை கட்டாதவரை வீட்டுக்காரர் தானாக வெளியே தள்ள முடியாது. 1950ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டப்படி நீதிமன்ற உத்தரவு வேணும். பாக்கியை வசூலிக்க 1951ஆம் ஆண்டின் டிஸ்ட்ரெஸ் சட்டம் இருக்கு, அதுக்கும் கோர்ட்டுக்குத்தான் போகணும். செலவு, அலைச்சல். ஒரே வீட்டை வங்கிக் கடனில் வாங்கிப்போட்ட ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு அது பெரிய அடிதான். ஆனா அந்தப் பயத்துக்கு மருந்து, வாடகைத் தகராறை விரைவாத் தீர்க்கிற ஒரு நடுவர் மன்றம். ஒருத்தன் மூணு மாச பாக்கியோட ஓடினா அவன் பெயரைச் சொல்லுங்க. இனத்தின் பெயரைச் சொல்லாதீங்க.

சட்டம் நம்மைக் காப்பாத்தாதா என்று நிறைய பேர் கேட்கிறாங்க. கூட்டரசு அரசியலமைப்பின் 8ஆவது பிரிவு இனம், மதம், வம்சாவளி, பிறந்த இடம், பாலினம் என்று பார்த்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. ஆனா அது அரசாங்கத்தையும் பொது அமைப்புகளையும்தான் கட்டுப்படுத்தும். விமானப் பணிப்பெண் பியட்ரிஸ் பெர்னாண்டஸ் கர்ப்பமானதால் வேலை இழந்த வழக்கில், 2005ல் கூட்டரசு நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது: தனியாருக்கும் தனியாருக்கும் நடக்கிற விவகாரத்தில் அந்தப் பிரிவு எட்டாது. அதனாலதான் "நோ இந்தியன்" என்று பட்டப்பகலில் விளம்பரம் போட முடியுது.

வெளிநாட்டைப் பாருங்க. நம்ம பக்தர் ஒருத்தர் மகன் நெதர்லாந்தில், ஆம்ஸ்டர்டாமுக்குப் பக்கத்து ஊரில் வீடு தேடினார். அங்கேயும் வீடு கிடைக்கிறது குதிரைக்கொம்புதான். ஆனா 2023 ஜூலை முதல் அங்கே நல்ல வீட்டுக்காரர் சட்டம் என்று ஒண்ணு நடப்பில் இருக்கு. ஆளைத் தேர்ந்தெடுக்க வெளிப்படையான அளவுகோல் வேணும். மறுக்கப்பட்டவருக்கு ஏன் என்று காரணம் சொல்லணும். புது ஒப்பந்தத்தில் டெபாசிட் ரெண்டு மாச வாடகைக்கு மேல போகக்கூடாது. அங்கே பாகுபாடே ஒழிஞ்சுபோச்சு என்று நாங்க சொல்ல வரலை. ஆனா மறுக்கிறவன் காரணம் சொல்லியாகணும். இங்கே இனத்தையே காரணமா சொல்லிட்டுத் தூங்கப் போயிடலாம்.

பிரிட்டனில் ஒரு காலத்தில் கறுப்பர்களுக்கு அறை இல்லை என்று ஜன்னலில் அட்டை மாட்டினாங்க. 1968ல் இனத் தொடர்புச் சட்டத்தை விரிவாக்கி வீட்டு விஷயத்தில் அதைத் தடுத்தாங்க. வெள்ளைக்காரன் 1950லும் 1951லும் இங்கே போட்ட சட்டங்களை இன்னும் பத்திரமா வெச்சிருக்கோம். 1968ல் தன் ஊரைத் திருத்திக்கொள்ள அவன் போட்ட சட்டத்தை மட்டும் நாம எடுத்துக்கலை. வாடகைக் குடியிருப்புச் சட்டம் வருது வருது என்று நம்ம அரசாங்கம் பேசுறது பல வருஷமா நடக்குது. தேர் எப்போ நிலைக்கு வரும்?

இதுவரைக்கும் படிச்சவங்க "ஆமா ஆமா" என்று தலையாட்டியிருப்பீங்க. இனிமேதான் கசப்பு.

தம்பிக்காக நாங்க போன் போட்ட வீடுகளில் ஒண்ணு, விசாரிச்சுப் பார்த்தா, நம்ம பக்தர் ஒருவருடையது. வருஷா வருஷம் உபயம் எடுக்கிறவர். கல்வெட்டில் பெயர் இருக்கு. ஏஜெண்ட் அனுப்பிய விளம்பரத்தில் "நோ இந்தியன்" என்று இருந்தது. நேரில் கேட்டோம். "ஐயோ, நம்ம ஆளுங்களைப் பத்தி உங்களுக்கே தெரியுமே" என்று சிரிச்சார். நாங்களும் அப்போ சிரிச்சுட்டு வந்துட்டோம். ஏன் சிரிச்சோம் என்று இன்னும் எங்களுக்குப் புரியலை.

அவர் ஒருத்தர் இல்லை. இன்னும் சிலர் நம்ம ஆளுக்குக் கொடுப்பாங்க, ஆனா மெதுவா விசாரிப்பாங்க: "பூர்வீகம் எந்த ஊரு? நீங்க என்ன ஆளுங்க?" அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஆப்பிரிக்க மாணவனுக்கும் வங்காளதேசத் தொழிலாளிக்கும் வீடு இல்லை என்று சொல்றதிலும் நாம யாருக்கும் சளைச்சவங்க இல்லை. மத்தவன் நம்மைத் தள்ளினா இனவெறி. நாம தள்ளினா ஜாக்கிரதை. என்ன நியாயம் இது?

நம்ம பிரகாரத்தில் அறுபத்து மூவர் வரிசையில் திருநாளைப்போவார் நாயனார் நிக்கிறார். நந்தனார். ஒவ்வொரு நாளும் நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன் என்று சொல்லியே அந்தப் பெயர் வாங்கினவர். பிறப்பைக் காரணம் காட்டி வாசலில் நிறுத்தப்பட்டவர். திருப்புன்கூரில் அவர் வெளியே நின்னு தரிசிக்க, மறைச்ச நந்தியையே விலகச் சொன்னார் சிவபெருமான். அவருக்குக் குருபூஜை செய்றோம், சர்க்கரைப் பொங்கல் வைக்கிறோம். அதே பிரசாதத்தைச் சாப்பிட்டுட்டு வீட்டுக்குப் போய், ஒரு பிள்ளைக்கு "நாளைக்குக் கூப்பிடுங்க" என்று மெசேஜ் போடுறோம். நந்தி விலகினார். நாம விலக மாட்டேங்கிறோம்.

சரி, என்ன செய்யலாம்? புலம்பிட்டுப் போக நாங்க எழுதலை.

வீடு வெச்சிருக்கிற பக்தர்களே, உங்க ஏஜெண்டுக்கு இன்னைக்கே ஒரு மெசேஜ் போடுங்க: "யாரா இருந்தாலும் பேப்பரைப் பார்த்து முடிவு பண்றேன். இனத்தைக் கேட்காதே." உங்க பெயரில் அவர் போட்ட விளம்பரத்தை ஒரு தடவை திறந்து பாருங்க. உங்களுக்குத் தெரியாமலேயே அந்த வரி அதில் இருக்கலாம்.

வாடகைக்கு இருக்கிற பக்தர்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். வாடகையைத் தேதியில் கட்டுங்க, ரசீதை வெச்சிக்குங்க. வீட்டைக் காலி பண்ணும்போது தண்ணி, கரண்ட் பில்லை முடிச்சுட்டுப் போங்க. சாம்பிராணி போடும்போது ஜன்னலைத் திறந்து வைங்க. இனத்துக்காக நல்ல பெயர் எடுக்கணும் என்று சொல்லலை. அந்தச் சுமையை எந்த இனத்துக்காரனும் தூக்கக்கூடாது. ஒப்பந்தம் போட்டா காப்பாத்தணும், அவ்வளவுதான்.

மறுக்கப்பட்டவர்களே, மெசேஜை அழிக்காதீங்க. ஸ்கிரீன்ஷாட் எடுங்க. ஏஜெண்டின் பதிவு எண்ணைக் கேளுங்க. 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி அவங்களுக்கு ஒரு வாரியம் இருக்கு, புகார் எழுதலாம். புசாட் கோமாஸ் அமைப்பு நாட்டில் நடக்கும் இனப் பாகுபாட்டை ஆண்டுதோறும் அறிக்கையா வெளியிடுது, அவங்களுக்கும் தெரிவியுங்க. எழுதத் தெரியலைன்னா ஞாயிற்றுக்கிழமை பூஜைக்குப் பிறகு மண்டபத்துக்கு வாங்க, உட்கார்ந்து எழுதித் தர்றோம். திருவிழாவுக்கு மாலை வாங்கிக்க வர்ற ஒவ்வொரு நாடாளுமன்ற உறுப்பினரையும் கேளுங்க: வாடகைச் சட்டம் எங்கே? அதில் இனத்தைக் காட்டி மறுக்கக்கூடாது என்று ஒரு வரி இருக்குமா?

கோயில் பக்கத்திலிருந்து நாங்க செய்யப்போறது: அறிவிப்புப் பலகையில் வாடகைக்கு என்று ஒரு பகுதி. இனமும் சாதியும் கேட்காத வீடு மட்டும்தான் அதில் ஒட்டுவோம். பக்தர் என்ற முறையில் எங்களுக்குத் தெரிந்த பிள்ளைகளுக்கு நாங்களே நேரில் வந்து சாட்சி சொல்றோம்.

அந்தத் தம்பிக்குக் கடைசியில் கிள்ளானில் வீடு கிடைச்சது. கொடுத்தவர் ஒரு சீன அங்கிள். தைப்பூசத்துக்கு பத்துமலையில் தேங்காய் உடைக்கிறவர். நெத்தியில் திருநீறோடதான் தம்பி சாவி வாங்கப் போனார், அங்கிள் சம்பளச் சீட்டைத்தான் பார்த்தார்.

தம்பி, குழாயடியில் உன்னைக் கழுவச் சொன்னதுக்கு எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேட்கிறோம். இனி இந்த வாசலில் யாரிடமும் அப்படிச் சொல்ல மாட்டோம்.

வீடு வெச்சிருக்கிறவங்க கண்ணில் படுற வரைக்கும் பகிருங்க.

இப்படிக்கு,
அன்னதானத் தொண்டர்கள்