கூடுதல் வரி ஏழைக்கு, நல்ல பள்ளி பணக்காரனுக்கு!

அமெரிக்காவில் பள்ளிக்கூடம் எல்லோருக்கும் பொது, அங்கே ஏழை பணக்காரன் பேதமில்லை என்று முதலாளித்துவத் துதிபாடிகள் ஓயாமல் முழங்குகிறார்கள். இந்த முழக்கத்தின் யோக்கியதை என்ன? டெக்சாஸ் மாநிலத்து சான் அன்டோனியோ நகரத்தின் கதை அதைச் சொல்லும்.

அங்கே பள்ளிகளை நடத்துவது 'பள்ளி மாவட்டம்' என்ற தனி அமைப்பு. தன் எல்லைக்குள் இருக்கும் வீடு, நிலம், கடை, ஆலை மீது அது வரி போடும். அந்தக் காலத்தில் அந்தப் பணம் அந்த எல்லைக்குள் இருந்த பிள்ளைகளுக்கு மட்டுமே. ஆக, எல்லைக்கோடுதான் பிள்ளையின் தலைவிதி!

நகருக்கு வடக்கே அலமோ ஹைட்ஸ். 1922ல் தனி நகரசபை அமைத்துக்கொண்ட வசதி படைத்தோரின் புறநகர். மேற்கே எட்ஜ்வுட். மெக்சிக வம்சாவளித் தொழிலாளர் குடியிருக்கும் பகுதி. அவர்கள் வடக்கே போய்க் குடியேறுவதுதானே என்று கேட்கலாம். எப்படிப் போவது? மெக்சிகருக்கும் கறுப்பு மக்களுக்கும் வீடு விற்கக்கூடாது என்று கிரயப் பத்திரத்திலேயே நிபந்தனை எழுதிய காலம் அது. இத்தகைய இன நிபந்தனைகளைக் கோர்ட்டுகள் அமல்படுத்தக்கூடாது என்று 1948ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் சொன்னது. அதற்குள் வேலி வேரூன்றிவிட்டது.

1967-68ம் வருஷக் கணக்கைப் பார்ப்போம். தலைக்கு ஒரு மாணவன் என்று பிரித்தால் எட்ஜ்வுட்டின் சொத்து மதிப்பு 5,960 டாலர். அலமோ ஹைட்ஸில் 49,000 டாலருக்கு மேல். 100 டாலர் சொத்துக்கு எட்ஜ்வுட் மக்கள் கட்டிய வரி 1 டாலர் 5 சென்ட். வட்டாரத்திலேயே அதுதான் அதிகம். அலமோ ஹைட்ஸ் சீமான்கள் கட்டியது 85 சென்ட். மாநிலத் திட்டத்துக்குத் தரவேண்டிய பங்கு போக மிஞ்சியது என்ன? எட்ஜ்வுட் பிள்ளைக்கு 26 டாலர். அலமோ ஹைட்ஸ் பிள்ளைக்கு 333 டாலர்!

மாநில சர்க்காராவது ஈடுகட்டியதா? ஏழைப் பிள்ளைக்கு 222 டாலர், பணக்காரப் பிள்ளைக்கு 225 டாலர் கொடுத்தது! மத்திய சர்க்கார் உதவியையும் சேர்த்தால் எட்ஜ்வுட்டுக்கு 356, அலமோ ஹைட்ஸுக்கு 594. எட்ஜ்வுட் ஆசிரியர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு முழுத் தகுதிச் சான்று கிடையாது.

மக்கள் பொறுத்துக்கொண்டு கிடக்கவில்லை. 1968 மே 16ந் தேதி எட்ஜ்வுட் உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் சுமார் 400 பேர் வகுப்பை விட்டு வெளியேறி ஊர்வலம் போனார்கள். அதே ஆண்டில் டெமட்ரியோ ரோட்ரிகஸ் என்ற தகடு வேலைத் தொழிலாளி மற்றப் பெற்றோருடன் சேர்ந்து வழக்குத் தொடுத்தார். 1971ல் கீழ்க்கோர்ட்டில் ஜெயித்தார்கள். 1973 மார்ச் 21ல் சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகளில் 5 பேர் அந்த வெற்றியைப் பறித்தார்கள்.

என்ன காரணம் சொன்னார்கள்? கல்வி அரசியல் சட்டம் உத்தரவாதம் செய்த அடிப்படை உரிமையல்லவாம்! உள்ளூர்ச் சுதந்திரத்தைக் காக்க வேண்டுமாம்! நாம் கேட்கிறோம்: 26 டாலரைக் கையில் வைத்துக்கொண்டு எட்ஜ்வுட் அனுபவித்த சுதந்திரம் எது? நல்ல வாத்தியாரை வைக்கும் சுதந்திரமா, ஒழுகும் கூரையை மாற்றும் சுதந்திரமா? இல்லாதவனுக்குக் கொடுக்கும் சுதந்திரம், இருப்பவனின் பெட்டிக்குப் போடும் பூட்டு!

போராட்டம் ஓயவில்லை. எட்ஜ்வுட் மாவட்டமே மற்ற மாவட்டங்களுடன் சேர்ந்து மாநிலக் கோர்ட்டுக்குப் போயிற்று. 1989ல் டெக்சாஸ் சுப்ரீம் கோர்ட் இந்த நிதிமுறை மாநில அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. பணக்கார மாவட்டங்களின் உபரிப் பணத்தில் ஒரு பகுதியைப் பகிர்ந்துகொள்ள 1993ல் சட்டம் வந்தது. உடனே, பணக்காரனிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்த ராபின் ஹூட்டின் பெயரை அந்தச் சட்டத்துக்குச் சூட்டினார்கள்! 85 சென்ட் கட்டி 333 டாலரை அனுபவித்தபோது அதற்கு யாரும் பெயர் சூட்டவில்லையே, ஏன்?

எல்லைக்கோடு இன்றும் அழியவில்லை. உழைப்பவன் குழந்தைக்குக் கல்வியைத் தானமாகக் கேட்கவில்லை. அவன் கட்டிய வரிக்கு நியாயம் கேட்கிறான். அந்த நியாயம் தானாக வராது. வகுப்பை விட்டு வீதிக்கு வந்த அந்த 400 மாணவர்களும், 21 ஆண்டுகள் விடாப்பிடியாக நின்ற பெற்றோர்களும் காட்டிய பாதை அதுதான்!