உணவகங்களை வாட்டும் திரும்பப் பெற முடியாத வரி

கூட்டம் குறையாத உணவகங்கள்கூடப் பெருநகரங்களில் மூடப்படுவதற்கு வாடகை உயர்வு மட்டும் காரணமல்ல. 2017 நவம்பர் 15 முதல் உணவகங்களுக்கான ஜிஎஸ்டி 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வாடிக்கையாளர்கள் வரவேற்றனர், ஆனால், உள்ளீட்டு வரி வரவு நீக்கப்பட்டது அவர்கள் கண்ணில் படவில்லை. கடை வாடகை, 19 கிலோ வணிக சிலிண்டர், ஸொமாட்டோ, ஸ்விக்கி போன்ற செயலிகளின் கமிஷன் என ஒவ்வொன்றுக்கும் 18 சதவீத வரி செலுத்தும் உரிமையாளர், அதில் ஒரு ரூபாயைக்கூடக் கழித்துக்கொள்ள இயலாது. கமிஷன் 100 ரூபாய் என்றால் செலவு 118 ரூபாய். நாள் வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் நட்சத்திர விடுதிகளின் உணவகங்களுக்கோ 18 சதவீத வரியுடன் இந்த வரவு உண்டு. அதே வாய்ப்பை உணவகத் துறையினர் கோருகின்றனர். கிடைத்தால் சுமை இறங்கும். வாடிக்கையாளரின் ரசீதில் வரி மூன்றரை மடங்காகும்.