படத்தைப் பற்றி யார் பேசுவது?

தான் எடுத்த படத்தை ஒருவர் காட்டுகிறார். பார்ப்பவர் கேட்கும் முதல் கேள்வி, "என்ன கேமரா?" அடுத்தது, "என்ன செட்டிங்ஸ்?" அதற்குப் பிறகு "செம ப்ரோ" என்று ஒரு சொல். பேச்சு முடிந்தது. படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், இடது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டுத் தெரியும் அந்தக் கை எதற்கு, இரண்டடி தள்ளி நின்றிருந்தால் அவர் தலைக்கு மேல் மின்கம்பம் முளைத்திருக்காதே என்றெல்லாம் யாரும் வாய் திறப்பதில்லை.

தொழிலாக இல்லாமல் ஆசைக்காகப் படம் எடுப்பவர்கள் இன்று தமிழ்நாட்டின் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். ஞாயிறு விடிகாலையில் சென்னையின் காசிமேட்டுக்கோ மயிலாப்பூர் மாடவீதிக்கோ போனால் கழுத்தில் கேமராவோடு பத்துப் பேராவது எதிர்ப்படுவார்கள். வங்கி ஊழியர், மென்பொருள் பொறியாளர், பல் மருத்துவர், கல்லூரி மாணவர் என்று கலவையான கூட்டம். சென்னை வீக்கெண்ட் கிளிக்கர்ஸ் போன்ற குழுக்கள் வார இறுதி நடைகளை ஒரு வழக்கமாகவே ஆக்கிவிட்டன. வயதும் சம்பளமும் பார்க்காமல் லென்ஸை இரவல் கொடுக்கிறார்கள். தெரியாதவருக்கு நடைபாதையில் நின்றே சொல்லிக்கொடுக்கிறார்கள். வேறு எந்தப் பொழுதுபோக்கிலும் இவ்வளவு எளிதாக அந்நியர்கள் நண்பர்களாவதை நான் பார்த்ததில்லை. என் மனக்குறை அந்த நட்புக்குள் நடக்கும் பேச்சைப் பற்றியது. கருவியைப் பற்றிய பேச்சு பெருகப் பெருக, படத்தைப் பற்றிய பேச்சு வற்றிக்கொண்டே வருகிறது.

இதற்கு ஒரு காரணம் மனித சுபாவம். கருவிக்கு எண் உண்டு: இத்தனை மெகாபிக்சல், இத்தனை மி.மீ., விநாடிக்கு இத்தனை படம். எண்ணை வைத்துச் சண்டை போட்டாலும் யார் மனமும் புண்படாது. "உங்கள் படத்தில் எதைப் பார்ப்பது என்றே தெரியவில்லை" என்று சொன்னால் அடுத்த ஞாயிறு அவர் டீக்கடையில் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இன்னொரு காரணம் சந்தை. 2010-ல் உலகம் முழுவதும் 12 கோடிக்கு மேல் டிஜிட்டல் கேமராக்கள் சந்தைக்கு அனுப்பப்பட்டன. 2020-ல் அந்த எண்ணிக்கை 90 லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. சட்டைப்பையில் அடங்கும் கேமராவைச் செல்பேசி விழுங்கிவிட்டது. பிறந்தநாளுக்கும் சுற்றுலாவுக்கும் கேமரா வாங்கிய குடும்பங்கள் கடைப்பக்கம் வருவதை நிறுத்திவிட்டன. நிறுவனங்களுக்கு மிஞ்சியிருப்பவர்கள் தொழில்முறைக்காரர்களும் ஆசைக்காரர்களும்தான். ஆகவே ஆண்டுக்கொரு புதிய கேமரா பாடி, அதைப் புகழும் காணொளிகள், "எப்போது மாற்றப் போகிறீர்கள்?" என்ற ஓயாத நச்சரிப்பு. நண்பர்கள் பேச்சு என்று நாம் நினைப்பதில் பாதி, விளம்பரத்தின் எதிரொலி.

கருவிப் பேச்சு எல்லாமே வீண் என்று தள்ளிவிடவும் முடியாது. சென்னை, நாகை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் லென்ஸுக்கு முதல் எதிரி பூஞ்சை. ஐப்பசி மழையில் நனைந்த தோல் பைக்குள் போட்டு பீரோவில் பூட்டிவிட்டால், பொங்கலுக்கு எடுக்கும்போது கண்ணாடிக்குள் வெள்ளை இழைகள் படர்ந்திருக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும் நான்கு சிலிகா ஜெல் பொட்டலமும் போதும், அதைத் தடுக்க. செகண்ட் ஹேண்டில் வாங்கப் போகிறவரிடம், "டார்ச் அடித்து லென்ஸுக்குள் பாருங்க, ஷட்டர் எத்தனை தடவை ஓடியிருக்குன்னு கேளுங்க" என்று சொல்லியனுப்பும் அண்ணன்கள் எல்லாக் குழுவிலும் உண்டு. ஏசி காரிலிருந்து இறங்கியதும் பையைத் திறக்காதே, லென்ஸ் வியர்க்கும், கால் மணி நேரம் பொறு என்பார்கள். மீன் ஏலக் கூடத்தில் உப்புக் காற்று பட்ட கேமராவை வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் துடை என்பார்கள். பனி விழும் நாட்டில் எழுதிய புத்தகங்களில் இவை கிடைப்பது அரிது; நம்மூர் வெயிலிலும் புழுக்கத்திலும் கேமரா பழகியவர்கள்தான் சொல்ல முடியும். எல்லாவற்றையும்விட உருப்படியான ஆலோசனை ஒன்று உண்டு. "கேமராவோட வந்த கிட் லென்ஸை வெச்சு ஆறு மாசம் எடு தம்பி, அப்புறம் பார்க்கலாம்." இதைச் சொல்லும் பெரியவருக்குக் குழுவில் மரியாதை உண்டு, கேட்பவர்தான் குறைவு.

செட்டிங்ஸ் கேட்பது வேறு கதை. ஷட்டர் வேகம், அபெர்ச்சர், ஐஎஸ்ஓ என்ற மூன்று எண்களும் அன்று, அங்கே, அந்த வெளிச்சத்துக்கு ஒருவர் தந்த விடை. கேள்வி தெரியாமல் விடையை மட்டும் வாங்கிப் போய் என்ன செய்வது? மெரினாவின் பதினோரு மணி வெயிலுக்குப் பொருந்திய எண், ராமேஸ்வரம் பிராகாரத்தின் நிழலில் இருட்டை மட்டுமே தரும். கேமராவின் ஒளிமானி, தன் முன்னால் இருப்பது எதுவானாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே எடுத்துக்கொள்ளும். அதனால் வெள்ளை வேட்டி அழுக்கேறித் தெரியும். கருங்கல் சிலை வெளிறிப்போகும். இருண்ட குளத்தின் நடுவே நிற்கும் கொக்கின் இறகு விவரமே இல்லாமல் வெளுத்துவிடும். வேட்டிக்கு வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும், சிலைக்கும் கொக்குக்கும் குறைக்க வேண்டும். இந்த ஒரு விஷயம் புரிந்தவருக்கு அடுத்தவருடைய எண் தேவைப்படாது.

பொன்னொளி நேரம் பற்றிய உபதேசமும் இப்படித்தான் இரவலாக வந்தது. சூரியன் உதித்த பிறகும் மறைவதற்கு முன்பும் ஒரு மணி நேரம் கிடைக்கும் இதமான ஒளி என்று புத்தகங்கள் சொல்கின்றன. லண்டன் இருக்கும் அட்சரேகையில் சூரியன் சாய்வாக, மெதுவாக ஏறும். அங்கே அது பொருந்தும். 13 பாகையில் இருக்கும் சென்னையில் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக எழும்புகிறது. அரை மணி நேரத்துக்குள் அந்த ஒளி போய்விடும். ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்ட் நடுவிலும் உச்சிப் பொழுதில் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும். மனிதர்களின் கண்குழியில் கறுப்பு நிழல் விழும். ஆறரை மணிக்கு வந்து சேர்ந்துவிட்டு "லைட் சரியில்லை" என்று புலம்புகிறவர்களுக்கு யாராவது இதைச் சொல்லியிருந்தால் ஐந்தரைக்கே வந்திருப்பார்கள். புது லென்ஸ் வாங்கக் கிளம்பியிருக்க மாட்டார்கள்.

படத்தை நடுவில் வைத்துப் பேசும் வழக்கம் நமக்குப் புதிதல்ல. பாரிஸில் டாகேரின் புகைப்பட முறை 1839-ல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதற்குப் பின் இருபது ஆண்டுகள் முடிவதற்குள் மெட்ராஸில் புகைப்படச் சங்கம் தோன்றிவிட்டது. இங்கே கலைப் பள்ளியைத் தொடங்கிய மருத்துவர் அலெக்சாண்டர் ஹன்டர் அதில் முன்னால் நின்றவர். அதே காலத்து ராணுவ அதிகாரி லின்னேயஸ் டிரைப், ஆசைக்காகப் புகைப்படம் கற்றவர். 1855-ல் மெட்ராஸ் பொருட்காட்சியில் தன் படங்களை வைத்தார்; அடுத்த ஆண்டு மாகாண அரசின் புகைப்படக்காரரானார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை, 21 படங்களை ஒட்டிச் சுமார் 19 அடி நீளத்துக்கு அவர் பதிவுசெய்தது இன்றும் வியப்புத்தான். அவருடைய தஞ்சை, மதுரை, திருச்சி, புதுக்கோட்டைப் படத் தொகுப்புகள் விளக்கக் குறிப்புகளோடு 1858-ல் வெளிவந்தன. வெறும் படமாக நின்றுவிடவில்லை. (நெகட்டிவில் கையால் மேகம் தீட்டிய ஆளும் அவர்தான். போட்டோஷாப்பைத் திட்டுபவர்கள் கவனிக்க.) புதிதாக வந்த ஆளுநர் டிரெவெலியன், செலவு கட்டுப்படியாகாது என்று அந்தப் பணியையே நிறுத்திவிட்டார்.

ஃபிலிம் காலத்தில் பேச்சுக்குப் பஞ்சம் வராததற்குக் காசும் ஒரு காரணம். ஆக்ஃபா கிளிக் 3 கேமராவில் ஒரு ரோலுக்கு 12 படம். ஊட்டியில் தயாரான 'இந்து' ஃபிலிமோ வேறெதுவோ, ஒவ்வொரு சொடுக்குக்கும் விலை இருந்தது. கழுவி, பிரின்ட் போட்டு, மேசையில் பரப்பி வைத்த பிறகு மூத்தவர் ஒருவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எல்லோர் முன்னாலும் பிய்த்து எடுப்பார். அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். சலோன் எனப்படும் புகைப்படப் போட்டிகளுக்கென்று ஒரு வாய்ப்பாடு உருவாகி, பட்டத்துக்காகவும் புள்ளிக்காகவும் ஒரே மாதிரிப் படங்களை அச்சடித்தவர்கள் அப்போதும் உண்டு. பெண்கள் அந்த மேசையருகே அபூர்வம். ஆனாலும் பேச்சின் நடுவில் படம் இருந்தது.

மா. கிருஷ்ணனை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1950 முதல் 1996-ல் இறக்கும்வரை 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதியவர். பல கேமராக்களின் உறுப்புகளை ஒட்டவைத்துத் தானே உருவாக்கிய ஒரு கனமான சாதனத்தில், கறுப்பு வெள்ளையில் யானைகளை எடுத்தார். அந்தச் சாதனத்தைக் கண்டு சிரித்தவர்கள் உண்டு. அவர் படங்களை இன்றும் தேடிப் பார்ப்பதற்குக் காரணம், அந்த யானை என்ன செய்துகொண்டிருந்தது என்பதை அவரால் எழுத முடிந்ததுதான்.

பேச்சு வற்றியதன் விலை என்ன? முதலாவது, சலிப்பு. காசிமேட்டில் வலை இழுக்கும் கைகள், கிணற்றில் குதிக்கும் சிறுவன், திருவண்ணாமலைச் சாமியாரின் புகை, சுருக்கம் விழுந்த பாட்டியின் முகம். யார் எடுத்தது என்று பெயரை மாற்றி ஒட்டினாலும் தெரியாது. ஒருவர் பாராட்டு வாங்கிய இடத்துக்கு மறுவாரம் முப்பது பேர் போவதால் வரும் வினை இது. குலசேகரன்பட்டினம் தசராவில் வேடமிட்ட பக்தரைச் சுற்றி லென்ஸ்கள் மொய்க்கின்றன. கூவாகம் திருவிழாவில் தாலியறுத்து அழும் திருநங்கையின் முகத்துக்கு ஒரு முழத் தூரத்தில் கேமராவை நீட்டுகிறார்கள். "அவங்க சரின்னு சொன்னாங்களா?" என்று கேட்கும் ஒரு குரல் குழுவுக்குள் இருந்தால் இது பாதியாகக் குறையும். 2019-ல் துபாயின் ஹம்தான் புகைப்பட விருதில் 1,20,000 டாலர் வென்ற படம் வியட்நாமில் குழந்தைகளோடு நிற்கும் ஒரு தாயைக் காட்டியது. பிறகு இன்னொரு படம் வெளியானது: அதே தாயைச் சுற்றி கேமராக்களோடு ஒரு கூட்டம். ஏற்பாடு செய்து எடுத்ததல்ல என்றார் வென்றவர். இருக்கலாம். அந்தக் கூட்டத்தின் படத்தை நம்மூர்த் திருவிழா எதிலும் எடுக்கலாம்.

பறவைப் படங்களில் விலை உயிராகவே போகிறது. கூடு இருக்கும் இடத்தை ஒருவர் நண்பருக்குச் சொல்வார், நண்பர் குழுவுக்குச் சொல்வார். முட்டையும் குஞ்சும் நன்றாகத் தெரிய வேண்டுமென்று மறைத்திருந்த கிளையை ஒடிப்பார்கள். தாய்ப்பறவை வெளியே தவிக்கும். வெயில் முட்டையில் விழும். காகத்துக்கும் வல்லூறுக்கும் வழி திறக்கும். பதிவுசெய்த குரலைச் செல்பேசியில் ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும் இதே ரகம்: எல்லைக்குள் எதிரி வந்துவிட்டதென்று அது பதறி வருகிறது, நாம் பத்துப் படம் எடுக்கிறோம். கூட்டில் எடுத்த படங்களை ஏற்பதில்லை என்று சில போட்டிகள் விதி வைத்திருப்பது நல்ல தொடக்கம். நம் குழுக்களில் அப்படிப்பட்ட படத்துக்கும் "சூப்பர் கிளிக்" விழுந்துகொண்டுதான் இருக்கிறது.

அடுத்த இழப்பு உடனே தெரியாது. 1985-ல் சென்னையின் மூர் மார்க்கெட் எரிந்தது. அதற்கு முன்னால் அங்கே யாரோ எடுத்த ஒரு சாதாரணப் படம், பின்புறம் தேதியும் கடையின் பெயரும் எழுதியிருந்தால், இன்று ஆவணம். எழுதாதது பழைய படம். இன்று ஒரே ஞாயிறில் நாம் எடுப்பது, அன்றைய சங்கங்கள் ஆண்டு முழுக்க எடுத்ததைவிட அதிகமாக இருக்கும். ஆனால் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போதே கோப்புக்குள் இருந்த தேதியும் இடமும் கழன்றுவிடுகின்றன. மிஞ்சுவது சிறுத்துப்போன ஒரு பிம்பம். பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் நீர்ப்பரப்பு எந்த ஆண்டில் எதுவரை இருந்தது என்று நாளை ஒருவர் தேடினால், சூரிய அஸ்தமனங்கள் ஆயிரம் கிடைக்கும், பதில் கிடைக்காது.

இதைச் சரிசெய்யப் பெரிய செலவு வேண்டாம். மாவட்ட மைய நூலகங்களில் மாதத்துக்கு ஒரு மாலை ஓர் அறையைத் திறந்துவிட்டால் போதும். ஆளுக்கு மூன்று பிரின்ட், கேமரா பெயர் சொல்லத் தடை, படத்தை மட்டும் பேச வேண்டும். கோவில் படங்களை லட்சத்துக்கு மேல் திரட்டி வைத்திருக்கும் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் போல, தேதியும் இடமும் உள்ள படங்களை வாங்கிப் பாதுகாக்கும் பொறுப்பை மாவட்ட அருங்காட்சியகங்களிடம் அரசு ஒப்படைக்கலாம். அது நடக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்த வாரம் குழுவில் நீங்கள் போடும் படத்தோடு ஊர், தெரு, நாள், படத்தில் இருப்பவரின் சம்மதம் ஆகிய நான்கையும் எழுதிப் போடுங்கள். அடுத்தவர் படத்துக்குப் பாராட்டு எழுதும் முன், அதில் உங்களுக்குப் பிடிக்காத ஒன்றையும் அவரிடம் தனியாகவேனும் சொல்லிவிடுங்கள்.