திக்குவாய்ப் பேராசிரியர்

காலையில் ஆஜர்ப் பட்டியல் வாசிப்பதுதான் உபாத்தியாயர் தொழிலில் மிகவும் சுலபமான வேலை என்று இருபது வருஷமாக நினைத்திருந்தேன். பெயரைச் சொன்னால் பையன்கள் "உள்ளேன், ஐயா" என்கிறார்கள், பேனா ஒரு கோடு போடுகிறது, அவ்வளவுதான். ஆனால் இவ்வருஷம் எட்டாம் வகுப்பில் ஒரு பையனுக்கு அந்த இரண்டு வார்த்தைகளும் இரண்டு மலைகள். "உ... உ..." என்று கண்களை இறுக மூடிக்கொண்டு, காலால் தரையை உதைப்பான். வகுப்பு சிரிக்கும். "சரி, சரி, உட்கார்" என்று நான் அடுத்த பெயருக்குப் போய்விடுவேன். அதைத் தயை என்றே எண்ணியிருந்தேன். அது தயை அல்ல என்று எனக்கு உணர்த்தியது சார்லஸ் வான் ரைப்பர் என்னும் அமெரிக்கரின் சரித்திரம்.

இவர் 1905-ஆம் ஆண்டில், மிச்சிகன் மாகாணத்தின் வடபாகத்தில் காடு சூழ்ந்த சாம்பியன் என்ற சிற்றூரில் பிறந்தவர். தகப்பனார் வைத்தியர். பிள்ளைக்கோ சிறு பிராயத்திலிருந்தே கடுமையான திக்குவாய். வாலிபத்தில் வாயைத் திறக்கவே அஞ்சி, செவிட்டூமையாக நடித்து ஒரு பண்ணையில் கூலிவேலை செய்தார். அந்த வேஷத்தையும் தாங்க முடியாமல் ஊர் திரும்புகையில், வழியில் ஒரு கிழவர் அவரைத் தம் மோட்டாரில் ஏற்றிக்கொண்டு பெயரைக் கேட்டார். இளைஞர் பட்ட பாட்டைக் கண்டு கிழவர் சிரித்துவிட்டார். கோபம் பொங்கியது. ஆனால் அந்தக் கிழவரும் திக்குவாய்க்காரரே! தமக்கு வயதாகிவிட்டதாகவும், தம்மோடு தாமே மல்லுக்கு நிற்கச் சக்தியில்லை என்றும், ஆகவே சொற்களைத் தாமாகவே கசிந்து வர விட்டுவிடுவதாகவும் அவர் சொன்னாராம். இதை வான் ரைப்பரே பிற்காலத்தில் விவரித்திருக்கிறார்.

அந்தப் பிரயாணத்தில் அவருடைய வாழ்க்கை திரும்பியது. திக்குவாய்க்காரனின் துன்பத்தில் பெரும்பங்கு திக்கலினால் வருவதல்ல. திக்காமலிருக்க அவன் செய்யும் போராட்டத்தினால் வருவது என்று கண்டார். அயோவா சர்வகலாசாலையில் 1934-ல் டாக்டர் பட்டம் பெற்றார். 1936-ல் கலமசூ நகரத்து ஆசிரியர் கல்லூரியில் பேச்சுச் சிகிச்சை நிலையம் ஒன்றை ஏற்படுத்தினார். அக்கல்லூரிதான் 1957-ல் மேற்கு மிச்சிகன் சர்வகலாசாலையாயிற்று. 1939-ல் அவர் வெளியிட்ட பேச்சுத் திருத்தப் பாடநூல் பல பதிப்புகள் கண்டு, ஒரு தலைமுறை வைத்தியர்களை உருவாக்கியது.

அவருடைய முறை எளியது; ஆனால் தைரியம் வேண்டுவது. முதலில், தான் எப்படித் திக்குகிறோம் என்பதை ஒளிக்காமல் தானே கவனிக்க வேண்டும். பிறகு வெட்கத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஒரு சொல்லில் தடுக்கிவிட்டால், சற்றே நிறுத்தி, அதே சொல்லை லேசாக மீண்டும் சொல்ல வேண்டும். இது கைவந்தபின், சொல்லின் நடுவில் அகப்படும்போதே இறுக்கத்தைத் தளர்த்தி வெளிவரப் பழக வேண்டும். கடைசியில், தடுக்கும் என்று தோன்றும் சொல்லுக்கு முன்கூட்டியே நாவைத் தயார் செய்துகொள்ள வேண்டும். "திக்காதே" என்பதல்ல அவர் உபதேசம். "திக்கினாலும் போராடாமல் திக்கு" என்பதே. வான் ரைப்பருக்கும் திக்கல் அடியோடு நீங்கவில்லை. அந்த நாவைக் கொண்டே பல்லாண்டுகள் பாடம் சொல்லிவிட்டு, 1994-ல் காலமானார்.

இந்தப் படிப்பில் வழங்கும் ஒரு பயிற்சியையும் சொல்ல வேண்டும். நன்றாகப் பேசும் மாணவர்களைக் கடைக்கு அனுப்பி, வேண்டுமென்றே திக்கிப் பேசச் செய்கிறார்கள். கடைக்காரரின் பார்வை எப்படிச் சுடும் என்பதைப் புஸ்தகம் கற்பிக்காதல்லவா?

குழந்தைகளில் நூற்றுக்கு 5 பேர் வரையில் ஏதோ ஒரு காலத்தில் திக்குகிறார்கள். பெரும்பாலோருக்கு அது தானே மறைந்துவிடுகிறது. பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கே நிற்கிறது. அது பயத்தாலோ பிடிவாதத்தாலோ வருவதன்று. பரம்பரைக்கும் மூளையின் அமைப்புக்கும் அதில் பங்குண்டு என்று இன்றைய ஆராய்ச்சி காட்டுகிறது. ஆகவே, தாய்மார்களே, நாவில் வசம்பு தேய்ப்பதால் திக்கல் போகாது. "மெதுவாகப் பேசடா" என்று அதட்டுவதும், பிள்ளை தொடங்கிய சொல்லை நாமே முடித்து வைப்பதும் உதவியல்ல. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு, அவன் சொல்ல வந்ததைக் கேளுங்கள். மாதக்கணக்கில் நீடித்தால் பேச்சுச் சிகிச்சை அறிந்தவரிடம் காட்டுங்கள்.

சென்ற வாரம் அந்தப் பையனைத் தனியே அழைத்து, "ஆஜருக்குக் கையைத் தூக்கினால் போதுமா, அல்லது நான் காத்திருக்கட்டுமா?" என்று கேட்டேன். வெகுநேரம் தரையைப் பார்த்தான். பிறகு, நாலைந்து இடத்தில் தடுக்கி, "காத்திருங்கள், ஐயா" என்றான். மறுநாள் அவன் பெயர் வந்ததும் பேனாவைக் கீழே வைத்தேன். சிரிக்கத் தொடங்கிய ஒருவன் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். மற்றும் நாலு பெயர்களை வாசித்திருக்கக்கூடிய நேரம் சென்றது. காலை உதைத்தான், கண்ணை மட்டும் மூடவில்லை. "உள்ளேன், ஐயா" என்று முழுவதும் சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

அந்த நேரத்தை முன்பே அவனுக்குக் கொடுத்திருக்கலாம்.